பிரேக் விளக்கில் மின்சுற்றுப் பாடம்

நடுநிலை வகுப்பில் பக்க இணைப்பை விளக்க, காரின் பிரேக் விளக்குகளையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். பெடலை மிதித்தும் அவை எரியாவிட்டால், நாம் வேகம் குறைப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

மாணவரிடம் நான் கேட்கும் முதல் வினா: "ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா, எல்லாமுமா?" விளக்குகள் பக்க இணைப்பில் உள்ளன. ஒன்று மட்டும் எரியாவிட்டால் அதன் பல்பு, ஹோல்டர், எர்த் ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எதுவுமே எரியாவிட்டால் பொதுப் பாதையிலுள்ள ஃபியூஸையும் பெடல் அருகிலுள்ள சுவிட்சையும் முதலில் சோதிக்க வேண்டும்.

மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்புவது காரின் உலோக உடல் வழியே. குளச்சல், முட்டம் போன்ற நம் கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் எர்த் ஒயர் உடலோடு சேரும் இடம் துருப்பிடிக்கும்; விளக்கு மங்கும். சாவியை அணைத்துவிட்டு, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, திருகை இறுக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பில் கணக்காகவும் தரலாம்: 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் எடுக்கும். இரண்டு பல்புகள் 3.5 ஆம்பியர். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றினால், குறுக்குச்சுற்று ஏற்படும்போது ஒயரே தீப்பற்றலாம்.

வகுப்பில் செல், சுவிட்ச், இரு டார்ச் பல்புகள் கொண்டு இச்சுற்றை அமையுங்கள். ஓர் இணைப்பை மறைவாகக் கழற்றிவிட்டு, பழுது எங்கே என்று சுற்றைத் தொடும் முன்பே காரணத்தோடு சொல்லச் சொல்லுங்கள். பிறகு கழற்றிப் பார்க்கட்டும்.