தவளை கத்தினால் மழை: குடல் பாக்டீரியாவும் கருப்பை வாய்ப் புற்றுநோயும்

8ஆம் வகுப்பில் நுண்ணுயிரிகளையும் 10ஆம் வகுப்பில் புற்றுநோயையும் நடத்துகிறோம். இரண்டையும் முடிச்சுப் போடும் செய்திகள் இப்போது மாணவர்களின் வீட்டுக் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. “குடல்ல இருக்கிற பாக்டீரியாவால கருப்பை வாய்ப் புற்றுநோய் வருமாமே மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். “அப்போ தயிர் சாப்பிட்டா வராதா மிஸ்?” என்றது பின் பெஞ்சு. இவ்விரு கேள்விகளையும் வைத்தே ஒரு பாடவேளையை நடத்தலாம்.

முதலில் கரும்பலகையில் காரணத்தை எழுதிவிட வேண்டும்: ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். ஜெர்மானிய அறிவியலறிஞர் ஹரால்ட் சூர் ஹாசனின் குழு, இந்த வைரஸின் 16, 18 ஆகிய வகைகளை 1983, 1984ஆம் ஆண்டுகளில் இப்புற்றுநோய்த் திசுக்களில் கண்டறிந்தது. 2008இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலான பெண்களுக்கு இத்தொற்று ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. தங்கியது புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும்.

சிலருக்கு மட்டும் ஏன் தங்குகிறது? பாக்டீரியா ஆய்வுகள் நுழையும் இடம் இதுதான். பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையில் வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அங்கே பிஎச் மதிப்பை ஏறத்தாழ 4.5க்குக் கீழே வைத்திருக்கின்றன. இவை குறைந்த பெண்களிடம் வைரஸ் தங்குவது அதிகமாகக் காணப்படுகிறது. அமிலம், காரம் பாடத்தை நினைவூட்ட நல்ல இடம்.

குடல் விஷயம் இந்த அளவுக்குத் தெளிவாகவில்லை. நோயுற்ற பெண்களின் மல மாதிரிகளையும் நலமான பெண்களின் மாதிரிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், பாக்டீரியாக்களின் வகையிலும் அளவிலும் வேறுபாடு தெரிகிறது. குடல் பாக்டீரியாக்கள் நோய் எதிர்ப்பாற்றலையும் ஈஸ்ட்ரோஜன் அளவையும் பாதிக்கக் கூடியவை என்பதால் தொடர்பு இருக்க வாய்ப்புண்டு. ஆனால், தொடர்பு வேறு, காரணம் வேறு.

இங்கேதான் தவளையைக் கூப்பிடுகிறேன். தவளை கத்தினால் மழை வரும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தவளையா மழையைக் கொண்டுவருகிறது? பிள்ளைகள் சிரித்துவிட்டு, காற்றின் ஈரப்பதம் என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதே கண்ணால் ஆய்வைப் பார்க்கச் சொல்லுங்கள். நோயுற்றவரின் குடல் பாக்டீரியா வேறு எவற்றால் மாறியிருக்கலாம்? என் வகுப்பில் வந்த விடைகள்: பசியின்மை, ஆன்டிபயாடிக் மாத்திரை, கதிர்வீச்சு சிகிச்சை, ஆஸ்பத்திரிச் சாப்பாடு. கடைசி விடைக்குத்தான் கைதட்டல் அதிகம், அதுவும் சரியான விடையே. அடிவயிற்றில் கதிர்வீச்சு கொடுக்கும்போது குடலும் பாதிக்கப்பட்டுப் பலருக்கு வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது.

தயிருக்கு வருவோம். தயிரில் உள்ள பாக்டீரியாவும் பிறப்புறுப்புப் பாதையில் வாழ்வதும் பெரும்பாலும் வெவ்வேறு இனங்கள். தயிர் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். இந்த நோயை அது தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டில் இருக்கும் எளிய பொருளே போதும் என்று நம்பும் அம்மா பரிசோதனைக்குப் போகமாட்டார். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாக வருகிறது.

இருபாலர் வகுப்பில் ‘கருப்பை வாய்’ என்று இயல்பான குரலில் சொல்லுங்கள். நாம் தயங்கினால் பிள்ளைகள் நெளிவார்கள். பாலுறவு வழியாகப் பரவும் மிகச் சாதாரணமான தொற்று இது, யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. ஏனெனில் நோயுற்ற அம்மாவின் பிள்ளை நம் வகுப்பிலேயே இருக்கலாம்.

தடுப்பூசிக்கு ஏற்ற வயது 9 முதல் 14, அதாவது நம் மாணவியரின் வயது. அவர்களின் அம்மாக்களுக்குப் பரிசோதனை. 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யப்படுவது எளிய முறை: நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுபட்ட திசு வெண்மையாகத் தெரியும். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் இம்முறையைச் சோதித்த பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்களிடம் நான் சொல்வது இந்த எண்ணைத்தான்.