ஓட்டை சேர்ந்தால் டிரம் சேர்ந்ததா?

போடி மலைப்பாதையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் பழைய ஜீப்புகளுக்குக் கம்பெனி டிரம் லேசில் கிடைப்பதில்லை. வெளிச்சந்தை டிரம்மும் புது வீல் ஸ்டட்டும் வாங்கி, பழைய ஹப்பிலேயே மாட்டுகிறார்கள். அதில் தப்பில்லை. அந்த வேலையைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகள்தான் ஆபத்தானவை.

நம்பிக்கை: ஐந்து ஓட்டையும் நேராக வந்துவிட்டால் டிரம் பொருந்திவிட்டது.

உண்மை: ஓட்டை சேர்வது பாதி வேலைதான். பல வண்டிகளில் டிரம்மின் நடுத்துளை ஹப்பின் கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் டிரம் மையத்தில் நிற்கும். துளை பெரிதாக இருந்தால் டிரம் ஒருபக்கம் தள்ளி உட்காரும். மிதிக்கும்போது பிரேக் பெடல் துடிக்கும். ஹப் முகத்தில் துருப் பொருக்கு ஒன்று சிக்கினாலும் இதே கதிதான். முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். புது டிரம்மின் உட்புறத்தில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைத் துடைத்தெடுங்கள். டிரம்மை மாட்டி இறுக்கியபின் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஹப்போடு சேர்த்தே லேத்தில் கடைய வேண்டும்.

நம்பிக்கை: பழைய ஸ்டட்டைச் சம்மட்டியால் நாலு போடு போட்டால் வந்துவிடும்.

உண்மை: வரும், ஹப்பைக் கெடுத்துவிட்டு வரும். வில்லிஸ் வழிவந்த ஜீப்புகளில் ஸ்டட்டின் தோளை மலர்த்தி அடித்து, டிரம்மையும் ஹப்பையும் ஒன்றாகப் பூட்டியிருப்பார்கள். மலர்ந்த அந்த விளிம்பைக் கட்டரால் வெட்டி எடுத்த பிறகே பிரஸ்ஸில் வைத்துத் தள்ள வேண்டும். வெட்டாமல் தள்ளினால், அந்த விளிம்பு போகிற வழியில் ஹப்பின் துளையையே அகலமாக்கிவிடும். அதன்பின் எந்தப் புது ஸ்டட்டும் அங்கே பிடித்து நிற்காது.

நம்பிக்கை: ஸ்டட் சுற்றுகிறதா? பின்னால் ஒரு டாக் வெல்டிங் அடித்தால் தீர்ந்தது.

உண்மை: இருப்பதிலேயே மோசமான வைத்தியம் இதுதான். வெப்பப்பதம் ஏற்றிய எஃகில் செய்வது வீல் ஸ்டட். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். வெல்டிங் பிடித்த இடத்தில் விரிசல் விடலாம். ஸ்டட்டைச் சுற்றவிடாமல் பிடிப்பவை அதன் கழுத்தில் உள்ள பற்கள். பற்களின் வெளிவிட்டம் துளையைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும்முன் துளையை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். பொருத்தமான பல்விட்டம் கிடைக்காவிட்டால் ஹப்பைத்தான் மாற்ற வேண்டும்.

நம்பிக்கை: நட் ஏறுகிறது என்றால் மரை சரிதான்.

உண்மை: அரை அங்குல ஸ்டட்டில் அங்குலத்துக்கு 20 மரை, ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.27 மி.மீ. மாருதி வகையான 12 மி.மீ. ஸ்டட்டில் 1.25 மி.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், அரை அங்குல நட் 12 மி.மீ. ஸ்டட்டில் தொளதொளவென்று ஏறிவிடும். நுனிமரை மட்டுமே கவ்வும்; இறுக்கினால் உருவிக்கொள்ளும். ஸ்டட்டின் விட்டத்தளவுக்காவது நட் மரையில் ஏறியிருக்க வேண்டும். அரை அங்குலத்துக்கு அது 10 சுற்று. புது டிரம்மின் முகம் தடிமனாக இருந்தால் இது குறையும், எண்ணிப் பாருங்கள். பழைய வில்லிஸில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை என்பதும் நினைவிருக்கட்டும்.

நம்பிக்கை: ஸ்பானர்மேல் ஏறி மிதித்தால்தான் பலம்.

உண்மை: அளவுக்கு மீறி இறுக்கிய ஸ்டட் நீண்டுவிடும், நீண்டபின் அதன் பிடிப்பை நம்ப முடியாது. டிரம்மும் கோணிக்கொள்ளும். மரையில் எண்ணெய் விட்டால் அதே டார்க்கில் ஸ்டட்மேல் இழுவிசை இன்னும் கூடும். எதிரெதிர் வரிசையில், கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி பாருங்கள். புதுப் பாகங்கள் படிந்து உட்காரும்போது நட் தளர்வது வழக்கம்.

வெளிச்சந்தைப் பாகம் என்பதற்காகவே ஒரு டிரம் மோசமாகிவிடாது. அளக்காமல் மாட்டுவதுதான் மோசம். ஹப்பில் ஒரே ஒரு துளை அகன்றிருந்தாலும் அந்த வண்டியை மலையேற்றாதீர்கள்.