சேலம் ஜில்லாவின் உருக்குக் கொல்லர்

கிராமக் கொல்லர் என்றவுடன் கொழு அடிப்பவரும் வண்டிக்குப் பட்டை கட்டுபவருமே நினைவுக்கு வருவர். ஆயினும் அவர்களுடைய முன்னோரில் ஒரு சாரார், வாளுக்கும் கத்திக்கும் உகந்ததெனத் தேசாந்தரங்களிலும் கீர்த்தி பெற்ற உருக்கைத் தம் சிற்றுலையிலேயே செய்துவந்தனர். அத்தொழில் நடந்த விதமும் நசித்த விதமும் கவனிக்கத்தக்கவை.

கஞ்சமலை போன்ற குன்றுகளின் காந்தக்கல்லை முதலில் இடித்துப் புடைத்து, கரியுடன் மண்ணுலையில் இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பாக்குவர். பின் அவ்விரும்பைத் துண்டுகளாக்கி, உலர்ந்த ஆவாரங்குச்சியுடன் மண் மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஊதுவர். ஆறியபின் மூசையை உடைத்தால் உருக்குக்கட்டி கிடைக்கும்.

மூசையை அடைப்பதன் காரணம் யாதெனில், வெளிக்காற்றுப் புகாதபடி ஆவாரையின் கரிச்சத்து இரும்பில் கலக்க வேண்டும் என்பதே. உருக்கின் உறுதி அச்சத்தின் அளவைப் பொறுத்தது. ஷெபீல்டு நகரத்தாரோ இரும்புப் பாளங்களைக் கரித்தூளில் பல நாள் வேகவைத்து, அதன் பின்னரே மூசையில் உருக்கினர். சென்னையில் கம்பெனி உத்தியோகம் வகித்த ஜோசையா ஹீத் இவ்வித்தியாசத்தை வியந்து எழுதினார். விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1819-இல் இந்திய உருக்கைப் பரிசோதித்தார்.

இத்தகைய நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாக் கிராமங்களில் வாழ்ந்த துப்பாக்கிக் கொல்லர், இரும்புப் பட்டையைக் கம்பியின்மேல் சுற்றிக் காய்ச்சி அடித்துக் குழலாக்கி, மரக்கட்டையும் தாமே செதுக்கினர். யந்திரசாலைகள் பெருகியதும் அவர்கள் தொழிலும் ஒடுங்கிற்று.

இங்கே 1856-க்குப் பின் பெஸிமர் முறையால் மேனாட்டு உருக்கு மலிந்தது. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் கரிக்கு விறகு கிடைப்பதும் அரிதாயிற்று. தனித்தனியே நின்ற கொல்லர்க்குக் கரியை மொத்தமாக வாங்கவோ, சரக்கைச் சேர்த்து விற்கவோ முதல் இல்லை. தந்தையின் அருகில் அமர்ந்து கண்ணாலும் கையாலும் கற்ற வித்தையாதலால், உலை அவிந்தபோது வித்தையும் உடன் அவிந்தது.

ஆகையால் கைத்தொழிலைக் காக்க விரும்புவோர் இரண்டு காரியங்களை மறவாதிருத்தல் நலம். தொழிலாளர் சங்கமாகக் கூடிக் கச்சாப்பொருள் வாங்குதல் ஒன்று. முதியோர் உள்ளபோதே அவர்களுடைய செய்முறையை அளவோடு எழுதிவைத்தல் மற்றொன்று.