சங்கிலியில் நின்ற நாயைச் சிறுத்தை கடித்தால்

கேள்வி: எங்கள் தோட்டம் தடாகம் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறதுங்க. சாளை வாசலில் கட்டியிருந்த நாயைப் போன வாரம் ராத்திரி சிறுத்தை கழுத்தில் கவ்வியது. சத்தம் போட்டதும் விட்டுவிட்டு ஓடியது, நாய் பிழைத்துக்கொண்டது. மறுபடி வந்தால் பிடிக்கச் சுருக்கு வைக்கலாம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். சட்டம் என்ன சொல்லுதுங்க? – ஒரு வாசகர், கோவை

பதில்: பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதலில் அந்தச் சுருக்குக் கம்பியைக் கீழே போடட்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுத்தை முதல் அட்டவணையில் இருக்கிறது. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் பிடிக்க முயல்வதும்கூட அந்தச் சட்டப்படி வேட்டைதான். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயை (நாட்டு வெடி) எடுத்தால் வெடிபொருள் வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

‘நாயைக் காப்பாற்றத்தானே செய்தேன்’ என்றால்? பலரும் ஏமாறுவது இங்கேதான். பிரிவு 11(2) தரும் விலக்கு, தன்னையோ இன்னொரு மனிதரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு மட்டும். முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடத் தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவிடுவதென்றாலும், மனித உயிருக்கு ஆபத்து, மீளவே முடியாத ஊனம் அல்லது நோய் என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். ‘உடைமைக்கு ஆபத்து’ என்ற காரணம் இரண்டாம் அட்டவணை விலங்குகளுக்கே பொருந்தும். பிள்ளை மாதிரி வளர்த்த நாயும் சட்டத்தின் கணக்கில் உடைமைதான். வளர்த்தவருக்கு வலிக்கும்; ஆனாலும் நிலைமை அதுதான்.

2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. தன் மாட்டைப் புலி கொன்ற ஆத்திரத்தில் அந்த மாட்டின் உடலில் பூச்சிமருந்து வைத்தார் என்று ஒருவர் கைதானார். மாட்டைப் பறிகொடுத்து மனுவோடு நிற்க வேண்டியவர், வழக்கில் சிக்கி நின்றார்.

கூண்டு வைப்பது வனத்துறையின் வேலை. 2022 ஜனவரியில் கோவை பி.கே.புதூரில் பாழடைந்த கிடங்குக்குள் புகுந்த சிறுத்தையை, அவசரப்படாமல் சில நாள் காத்திருந்து கூண்டில்தான் பிடித்தார்கள்.

வாசகர் உடனே பார்க்க வேண்டியது நாயின் காயத்தை. எந்தக் காட்டு விலங்கு கடித்தாலும், கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்ட நாய்க்கும் கால்நடை மருத்துவர் மறுபடி ஊசி போடுவார். இன்னும் அவரிடம் போகவில்லை என்றால் இன்றே போகட்டும். ரத்தம் வழிந்த கழுத்தை வெறுங்கையால் பிடித்தவர், கையில் கீறல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்து, மருத்துவர் சான்று, காயத்தின் படம், கால்தடத்தின் படம் மூன்றையும் சேர்த்து வனச்சரகர் அலுவலகத்தில் எழுத்து மனு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். நாய்க்கு இழப்பீடு நிச்சயம் என்று நம்பிச் செலவு செய்ய வேண்டாம். கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. நாளைக்கு ஆட்டுப்பட்டியில் சேதம் வந்தால் இந்தப் பதிவு கைகொடுக்கும்.

இனி சங்கிலி விஷயம். மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் வன உயிரின ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் சிறுத்தையின் எச்சத்தை ஆராய்ந்தார்கள். அது தின்ற இரையின் எடையில் 39 விழுக்காடு நாய். ஆடு 11 விழுக்காடுதான். நாய்களைவிட ஆடுகள் பல மடங்கு அதிகம் இருந்த ஊர் அது! ஆட்டை ராத்திரி பட்டியில் அடைக்கிறோம், நாயை வெளியே விடுகிறோம். கட்டிய நாயால் ஓடவும் முடியாது. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் பிரிவு 11, நாயைச் சதா கட்டிவைத்து நடமாட விடாமல் இருப்பதையே குற்றம் என்கிறது. காவலுக்கு நிற்கும் அந்த ஜீவனுக்கும் ஒரு காவல் வேண்டாமா? பொழுது சாய்ந்ததும் சங்கிலியை அவிழ்த்து, நாயைச் சாளைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தட்டும்.