அரைநாள் பள்ளி, அரைநாள் வீடு: தொடங்குவோருக்குச் சில சொற்கள்

தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் தன் பெண்ணை ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் மதியம் வரை பள்ளிக்கு அனுப்பி, மிச்சப் பொழுதை வீட்டில் வைத்துக்கொண்டாள். அந்த மதியங்கள் பெரும்பாலும் கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில்தான் கழிந்தன. இதே போலச் செய்ய நினைக்கும் இளம் பெற்றோர் வந்து கேட்கும்போது நான் சொல்பவை இவை.

1. காரணம் பிள்ளையிடம் இருக்கட்டும். பேத்தி காலையில் சிரித்துக்கொண்டே கிளம்புவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பில் அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. சாயங்காலம் பையைத் தொட்டாலே அழுகை. அதனால் காலையைப் பள்ளிக்குக் கொடுத்து, மதியத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிறது என்பதற்காக இதில் இறங்காதீர்கள்.

2. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் அதில் இல்லை. ஆகவே பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கட்டும். ஆறு வயது நிறையாத எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு இந்தக் கவலையே இல்லை.

3. தலைமையாசிரியரிடம் நேரில் போய் உள்ளதைச் சொல்லுங்கள். எழுத்திலும் கொடுங்கள். தினமும் வயிற்றுவலி, காய்ச்சல் என்று சொல்லி அழைத்து வராதீர்கள். பொய் சொல்லித்தான் வீட்டுக்குப் போகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரியும். காலையும் மதியமும் தனித்தனியாக வருகைப் பதிவு எடுக்கும் பள்ளியில் மதியத்துக்கு விடுப்பு என்றுதான் விழும். அதை மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. வகுப்பாசிரியை சம்மதிக்காவிட்டால் சண்டை போடாதீர்கள். காலை முழுக்கப் பிள்ளை அவர் கையில்தான் இருக்கப்போகிறது. ஒரு பருவம் பொறுத்து மறுபடியும் கேளுங்கள்.

4. சாப்பாட்டை மட்டும் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும். சிநேகம் வளர்வது அங்கேதான்.

5. வீட்டில் இரண்டாவது பள்ளிக்கூடம் நடத்தாதீர்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று சட்டத்தின் அட்டவணை வரையறுக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். அதுவும் ஓர் ஆசிரியர் முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வகுப்புக்கு. உங்கள் முன்னால் இருப்பது ஒரே பிள்ளை. முக்கால் மணி நேரம் தாராளம். மணி அடிப்பதும் வேண்டாம், கால அட்டவணையைச் சுவரில் ஒட்டுவதும் வேண்டாம். வந்ததும் தூங்கினால் தூங்கட்டும்.

6. வீட்டில் இருப்பதை வைத்தே சொல்லிக்கொடுங்கள். எங்கள் வீட்டில் பழைய படியும் உழக்கும் ஆழாக்கும் இருக்கின்றன. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று சொல்லி, அரிசியையும் முறத்தையும் பேத்தியிடம் கொடுத்தேன். ஆழாக்கைக் கூம்பாக நிரப்பி நிரப்பிக் கொட்டினாள். ஏழிலேயே படி நிறைந்து வழிந்துவிட்டது. “அம்மிச்சி பொய் சொல்லுது” என்று என்னைச் சொல்லித் தாத்தாவிடம் ஓடினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்து ஆழாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளங்கையால் மேலே வழித்துத் தலைதட்டி அளந்தாள். எட்டு வந்தது. அப்புறம் உழக்கால் அளந்து நான்கு என்றாள். உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி என்று அன்றைக்குத்தான் நான் பெயரைச் சொன்னேன். பின்னக் கணக்கு புத்தகத்தில் வருவதற்கு வெகு முன்பே அவள் கைக்கு வந்துவிட்டது. நாற்பது பிள்ளைகள் இருந்த என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்க எனக்கு வாய்த்ததே இல்லை.

விலை உயர்ந்த மாண்டிசோரி மரக்கருவிப் பெட்டிகள் இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரச் சென்னை அடையாறு வந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். அங்கே குழந்தைகளுக்குச் சுற்றியிருந்த செடிகொடிகளும் உயிர்களுமே பாடமாயின.

7. எழுத்தில் அவசரம் கூடாது. தமிழ் எழுத்து 247 என்று பிள்ளையை மிரட்ட வேண்டாம். ட, ப, ம, ய என்று நேர்கோடு அதிகமுள்ளவற்றில் தொடங்கினால் சின்னக் கை வளைந்து கொடுக்கும். அ, இ பிறகு வரட்டும். சிலேட்டும் பல்பமும் போதும். அரசுப் பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன; வகுப்பில் எந்தப் பாடம் நடக்கிறது என்று பார்த்துக்கொள்ள மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் மடியில் வைத்து ஒரு கதையை வாய்விட்டுப் படியுங்கள். அதே கதையை நாளைக்கும் கேட்டால் அதையே படியுங்கள்.

8. விருந்தாளி முன்னால் நிறுத்திப் பரீட்சை வைக்காதீர்கள். “பாதி நாள்தான் பள்ளிக்கூடமா, அப்போ என்ன படிச்சே?” என்று கேட்கும் உறவுக்காரர்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். பிள்ளையைச் சொல்லவிடக் கூடாது.

9. இந்த மதியங்கள் முழுக்க அம்மாவின் தலையில் விழக் கூடாது. எங்கள் மகள் தையல் வேலை செய்கிறவள்; வாரத்தில் இரண்டு மதியம் என்னுடையவை, ஒன்று தாத்தாவுடையது, சனிக்கிழமை மருமகனுடையது. சந்தைக்கு அழைத்துப் போவார். மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது பேத்தியின் வேலை. மாதக் கணக்கில் ஒருத்தியே வேலையையும் பிள்ளையையும் பார்த்தால் சலிப்பு கோபமாகும், கோபம் பிள்ளை மேல் பாயும். கைமாற்ற ஆள் இல்லாத வீடு வாரத்தில் ஒரே ஒரு மதியம் எடுத்துக்கொண்டால் போதும். அதற்கும் பலன் உண்டு.

10. சாயங்காலம் தெருப்பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். மதியம் வீட்டில் இருந்துவிட்டது என்று சொல்லி விளையாட்டைப் பிடுங்காதீர்கள்.

11. நிறுத்த வேண்டிய நேரத்தைப் பிள்ளையே காட்டிக்கொடுக்கும். மூன்றாம் வகுப்பின் தொடக்கத்தில், மதியம் கோகோ விளையாட்டு இருக்கிறது, நானும் இருக்கிறேன் என்றாள் பேத்தி. அதற்குள் மதியக் களைப்பும் போயிருந்தது. உங்கள் பிள்ளை அப்படிக் கேட்டால், நீங்கள் போட்டு வைத்திருக்கும் திட்டம் பாதியில் நின்றாலும் தயங்காதீர்கள். மறுநாளே தலைமையாசிரியரைப் பார்த்து பிள்ளை இனி முழுநாளும் வரும் என்று சொல்லுங்கள். இத்தனை நாள் ஒத்துழைத்த வகுப்பாசிரியைக்கு நன்றியும் சொல்லிவிட்டு வாருங்கள்.