விரல் நுனியில் ஓர் ஆறுதல்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர் நம் முன்னோர். தேர்வு நெருங்கும் நாள்களில் நம்முள் பலருக்கு வினாத்தாளே பேயாகத் தோன்றுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, இரவெல்லாம் படித்தது கணத்தில் மறந்து போகிறது. இத்தகைய மனக் கலக்கத்தைத் தணிக்கப் பல நாடுகளில் கையாளப்படும் 'தட்டுதல்' முறையைப் பற்றி இங்குக் காண்போம்.

உடலில் உயிர்ச்சக்தி சில வழிகளில் ஓடுகிறது என்பது பழஞ்சீன மருத்துவத்தின் கொள்கை. அவ்வழிகளிலுள்ள புள்ளிகளில் ஊசி குத்துவது அக்குபங்சர். விரலால் அழுத்துவது அக்குபிரஷர். அமெரிக்க உளவியலாளர் ராஜர் கலஹன் 1980-ஆம் ஆண்டளவில் இப்புள்ளிகளைத் தட்டச் செய்து பார்த்தார். தண்ணீரைக் கண்டாலே அஞ்சிய ஒரு பெண்மணி, அந்த அச்சம் தம் வயிற்றில் தெரிகிறது என்றாராம். வயிற்றோடு தொடர்புடையதாகச் சீன மருத்துவம் கூறும் புள்ளி ஒன்று கண்ணுக்குக் கீழே உள்ளது. அங்கே தட்டியதும் அச்சம் அகன்றது என்று கலஹன் எழுதியுள்ளார். 1990-களில் கேரி கிரெய்க் என்பவர் இதனை எவரும் செய்யக்கூடிய எளிய முறையாக்கினார்.

செய்முறை:

1. நம்மை வருத்துவது எது என்று தெளிவாகச் சொல்லி, அதன் கடுமைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுக்க வேண்டும்.

2. சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே, "எனக்குக் கணக்குத் தேர்வென்றால் பயம், ஆயினும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என மூன்று முறை கூற வேண்டும்.

3. புருவத்தின் தொடக்கம், கண்ணின் ஓரம், கண்ணின் கீழ், மூக்கின் கீழ், மோவாய், காறை எலும்பின் கீழ், அக்குளின் கீழ், உச்சந்தலை ஆகிய இடங்களில் இரு விரல்களால் ஐந்து அல்லது ஏழு முறை மெல்லத் தட்ட வேண்டும்.

4. பின்பு மூச்சை ஆழ இழுத்துவிட்டு, மீண்டும் எண் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இது பலன் தருவது புள்ளிகளாலா? 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் முறையான புள்ளிகளையும், மற்றொரு குழுவினர் கையில் வேறு இடங்களையும், மூன்றாம் குழுவினர் ஒரு பொம்மையையும் தட்டினர். நான்காம் குழுவினர் தட்டாமல் காகிதத்தில் விளையாட்டுப் பொருள் செய்தனர். முதல் மூன்று குழுவினருக்கும் அச்சம் குறைந்தது. நான்காம் குழுவினருக்குக் குறையவில்லை! ஆகவே, புள்ளியைவிட, அச்சத்தைப் பெயர் சொல்லி அழைத்து அதன் எதிரே சற்று அமர்ந்திருப்பதே ஆறுதல் தருகிறது என எண்ண இடமுண்டு.

தோழியரே, தேர்வறை வாயிலில் இம்முறை நமக்குக் கைகொடுக்கலாம். படிக்காத பாடத்தை அது படித்துத் தராது. உறக்கமின்மை, ஓயாத அழுகை, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் ஆகியவை தட்டித் துரத்தக் கூடியவை அல்ல. அவற்றைத் தாயிடமோ, ஆசிரியையிடமோ, அருட்சகோதரியிடமோ அன்றே சொல்லிவிட வேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பெற்றோரும், "இதற்கா அழுகிறாய்?" என்று கேளாமல், "என்னம்மா, சொல்" என்று கேட்டால் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

சொல்லப்பட்ட அச்சம் சுருங்கும். மறைக்கப்பட்ட அச்சம் வளரும். இதனை மனத்திற் கொள்வோமாக!