வானொலியும் இணையமும் இணைதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்



“இணையம் வந்தபின் வானொலிக்கு வேலை இல்லை” என்று விடை எழுதுவோர் நம் வகுப்புகளில் பலர். இது அரைகுறையான விடை. இரு ஊடகங்களும் எங்கே இணைகின்றன, இணையும்போது எதை விட்டுவிடக் கூடாது என்பவற்றை எழுதினால்தான் விடை முழுமையாகும். இப்பாடத்தில் அதனைப் படிப்போம்.

1. அடிப்படை வேறுபாடு

வானொலி நிலையம் அனுப்பும் அலையை, அந்த அலை எட்டும் எல்லைக்குள் ஒருவர் கேட்டாலும் ஓர் இலட்சம் பேர் கேட்டாலும் நிலையத்தின் செலவு கூடுவதில்லை. கேட்பவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் இது ஒருவழித் தொடர்பாடல். நிலையம் பேசும், நாம் கேட்போம்.

இணையத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைப்பு வேண்டும். விரும்பியதைத் தேடலாம், தவறவிட்ட நிகழ்ச்சியைப் பிறகு கேட்கலாம், உடனே பதிலும் அனுப்பலாம். அதாவது இது இருவழித் தொடர்பாடல். ஆனால் தரவுக்குப் பணம் செலவாகும்.

ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். செக்கனுக்கு 64 கிலோபிற் வேகத்தில் வரும் இணைய வானொலியை ஒரு மணி நேரம் கேட்டால்:

64 × 3600 ÷ 8 = 28,800 கிலோபைற், அதாவது ஏறத்தாழ 29 மெகாபைற்.

நாளுக்கு மூன்று மணி நேரம் வீதம் 30 நாள்கள் கேட்டால் ஏறத்தாழ 2.6 கிகாபைற் தேவை. அதே நிகழ்ச்சியைப் பண்பலையில் (எவ்.எம்.) கேட்டால் தரவுச் செலவே இல்லை.

2. நிலையத்தில் இணைதல்: கொத்மலை

இவ்விரண்டையும் இணைத்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று நமது நாட்டிலேயே நடந்தது. கொத்மலைச் சமுதாய வானொலி 1989இல் தொடங்கப்பட்டது. 1998இல் யுனெஸ்கோ, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், கொழும்புப் பல்கலைக்கழகம் முதலியவற்றின் கூட்டு முயற்சியால் அங்கு இணையத் திட்டம் ஆரம்பமானது.

கிராமத்து வீடுகளில் அப்போது கணினி இல்லை, வானொலி இருந்தது. நேயர்கள் தமது சந்தேகங்களைக் கடிதத்திலோ தொலைபேசியிலோ கேட்பார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்த தகவலை மக்களுக்கு விளங்கும் மொழியில் ஒலிபரப்புவார். துறைசார்ந்தவர்களும் வந்து விளக்கம் அளிப்பார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் இணையத்தைப் பயன்படுத்த வசதி செய்யப்பட்டது.

இங்கே நேயரின் வானொலிப் பெட்டி மாறவில்லை. நிலையம் மாறியது. ஒரே ஓர் இணைய இணைப்பின் பயன் பல கிராமங்களுக்குச் சென்றது.

3. பெட்டியில் இணைதல்: புதிய வீட்டு வானொலிகள்

இன்றைய புதிய வானொலிப் பெட்டிகள் சிலவற்றில் அலைவாங்கியும் உண்டு, வைஃபை இணைப்பும் உண்டு. இதனைக் கலப்பு வானொலி எனலாம். இது செயற்படும் முறை வருமாறு:

(அ) பெட்டி முதலில் பண்பலையில் நிலையத்தைப் பிடிக்கும். பல நாடுகளில் ஒலியுடன் நிலையத்தின் அடையாள எண்ணும் சேர்ந்து வரும்.
(ஆ) அந்த எண், நாட்டுக் குறியீடு, மீடிறன் ஆகியவற்றைக் கொண்டு பெட்டி இணையத்தில் அந்நிலையத்தைத் தேடும். ரேடியோ டி.என்.எஸ். எனும் முறை இதற்கு உதவுகிறது.
(இ) நிலையத்தின் சின்னம், நிகழ்ச்சி நிரல், பாடலின் பெயர் முதலியன திரையில் தோன்றும்.
(ஈ) அலை குன்றினால் அதே நிலையத்தின் இணைய ஒலிக்கு மாறும் வசதியும் சிலவற்றில் உண்டு.

இம்முறையில் ஒலி வானலையில் வருகிறது. மேலதிகத் தகவல் மட்டும் இணையத்தில் வருகிறது. எனவே தரவுச் செலவு குறைவு.

4. எதனை விட்டுவிடக் கூடாது?

இணையத்தை மட்டும் நம்பிய பெட்டிக்கு என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பல நிறுவனங்களின் இணைய வானொலிப் பெட்டிகள் நிலையப் பட்டியலைப் பெறுவதற்கு ரெசிவா என்ற சேவையைப் பயன்படுத்தின. அச்சேவை 2021இல் மூடப்பட்டது. பெட்டியில் பழுது எதுவும் இல்லாமலே பலருடைய வானொலிகள் வழமைபோல் நிலையங்களைப் பிடிக்க முடியாமற் போயின. பண்பலையும் உள்ள பெட்டிகளில் அந்தப் பகுதி தொடர்ந்து வேலை செய்தது.

நமது பிரதேசத்தையும் எண்ணிப் பாருங்கள். 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடைப்பது அரிது. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் செய்தி கேட்டார்கள். உங்கள் அம்மப்பா, அம்மம்மாவிடம் கேட்டால் சொல்வார்கள். அன்று எந்த அலைவரிசையில் எத்தனை மணிக்குச் செய்தி என்பது சிறுவர்களுக்கும் பாடம்.

2004.12.26 அன்று சுனாமி முல்லைத்தீவை அடையுமுன் ஒரு மணி நேரத்துக்கும் மேலான இடைவெளி இருந்தது. ஆனால் எச்சரிக்கை எதுவும் மக்களிடம் வந்து சேரவில்லை. ஒரே செய்தி ஒரே நேரத்தில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டியதன் அருமையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆகவே நல்ல கலப்பு வானொலி என்பது, இணையம் நின்றாலும் வாய் மூடாத வானொலி.

5. மாதிரி வினாவும் விடையும்

வினா: “இணையம் வானொலிக்கு மாற்றீடு அல்ல, துணை.” இக்கூற்றை இரு உதாரணங்களுடன் விளக்குக.

விடைக்கான குறிப்புகள்:
• ஒலிபரப்பு ஒருவழியானது. செலவின்றிப் பலரை ஒரே நேரத்தில் அடையும்.
• இணையம் இருவழியானது; தேடவும் தெரிவு செய்யவும் உதவும்.
• உதாரணம் 1: கொத்மலை (1998) – நிலையத்தில் இணைதல்.
• உதாரணம் 2: கலப்பு வானொலி – பெட்டியில் இணைதல்.
• முடிவு: அனர்த்த காலத்தில் வானலை வழி தனித்து இயங்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

நினைவிற் கொள்க: ஆண்டும் இடமும் மட்டும் எழுதினால் அது தகவல். ஏன் இணைத்தார்கள், யாருக்குப் பயன் என்றும் எழுதினால்தான் அது விளக்கம்.

பயிற்சி: உங்கள் வீட்டில் ஒரு நாளில் வானலை வழியாகக் கேட்டவை எவை, இணைய வழியாகக் கேட்டவை எவை என அட்டவணைப்படுத்துக. மின்சாரம் தடைப்பட்டால் அவற்றுள் எவை எஞ்சும் எனக் குறித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வருக.